தண்டல் வீராசாமியின் வயிற்றுக்கட்டு

முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு மூச்சையும் உடல் வலுவையும் எப்படிக் கூட்டுவது என்று நான்கு பக்கம் எழுதித் தரச்சொல்லிக் கேட்டீர்கள். அதை நான் எழுதப் போவதில்லை. அதற்கு உங்களிடம் புத்தகம் இருக்கிறது, கருவி இருக்கிறது, கருவி படுத்துக்கொண்டால் வந்து பார்க்கக் கம்பெனி ஆள்கூட இருக்கிறார். நான் எழுதப் போவது என் தப்புகளை. அவற்றில் மூன்றை ஒரே நோயாளியிடம் செய்தேன். என்னிடம் வைத்தியம் பார்த்தும் அந்த மனிதர் பிழைத்துக்கொண்டதால் சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது.

மலாயாவில், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை எதிர்த்து அவசரகாலம் நடந்துகொண்டிருந்த வருடங்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. கிளேபாங்கில் வீடு. ஞாயிற்றுக்கிழமை கோயில், மற்ற நாளெல்லாம் மலாக்காவில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டு. நோயாளிகள் நர்சுகளான எங்களை 'மிஸ்ஸி' என்று கூப்பிடுவார்கள். நான் டவுன் பெண். ரப்பர் மரத்தை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஆனாலும் தோட்டத்து ஆட்களைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவரை யாரும் என்னைச் சோதித்துப் பார்க்கவில்லை.

வீராசாமி பெம்பான் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் தண்டலாக இருந்தவர். இன்றைக்கு உங்களில் பாதிப் பேருக்குத் தண்டல் என்றால் யாரென்று தெரியாது. வேலைக் கூட்டத்துக்கு மேஸ்திரி. விடிந்ததும் பெரட்டுக்களத்தில் நின்று ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுவார். 'வந்தேன்' என்ற சத்தம் வந்தால் கிராணி ஏட்டில் குறித்துக்கொள்வார். வராவிட்டால் தண்டல் திட்டுவார். வந்தாலும் சில நாள் திட்டுவார்.

அந்தச் சமயத்தில் அரசாங்க உத்தரவுப்படி தொழிலாளர் வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, மூலையில் காவல் கோபுரம் ஒன்றும் கட்டினார்கள். கோபுரத்து ஏணி எப்படி இருக்கிறது என்று பார்க்கும் பொறுப்பு வீராசாமிக்கு. "கெட்டியா இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். எவ்வளவு கெட்டி என்று கிராணிக்குக் காட்ட மறுநாள் ஏறினார். அதன்பிறகுதான் எங்கள் வார்டுக்கு வந்தார்.

இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே முதுகெலும்பு நொறுங்கியிருந்தது. கால்கள் போய்விட்டன. கைகளுக்கு ஒன்றுமில்லை. வாய்க்கும் ஒன்றுமில்லை, ஆனால் அந்த வாய்க்குக் கொடுக்கக் காற்று இல்லை. வயிற்றுத் தசையும் விலாத் தசையில் பெரும்பகுதியும் செத்துவிட்டன. இருமினால் பூனை தும்முவது போலக் கேட்கும். இப்படிப்பட்டவர்களைக் கொல்வது முறிந்த எலும்பு அல்ல, துப்ப முடியாத சளி என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு அப்போது அரைகுறையாகத்தான் தெரியும்.

எனக்கு முழுதாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று: மூச்சு முட்டுகிறவரை நிமிர்த்தி உட்கார வை. இருதய நோய்க்காரர், ஆஸ்துமாக்காரர், எல்லோரையும் அப்படித்தான் வைப்போம். வீராசாமியையும் வைத்தேன். அவருக்கு மூச்சு வாங்கியது. இன்னொரு தலையணை வைத்தேன். இன்னும் வாங்கியது. பக்கத்துக் கட்டில்காரர் தூங்கும்போது அவருடையதையும் உருவிக்கொண்டு வந்தேன்.

"மிஸ்ஸி," என்றார், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு விட்டு, "தலகாணி... வெக்கிறீங்களா... சமாதி... கட்டுறீங்களா?"

தோட்டத்து ஆளுக்கு வாய்க்கொழுப்பு என்று நினைத்துக்கொண்டேன். நாலாவது தலையணையைச் செருகும்போது கட்டிலின் முதுகுச்சட்டத்தைத் தாங்கும் கொக்கி கழன்றது. தடாலென்று சட்டம் சாய்ந்து மனிதர் மட்டமல்லாந்தார். ஆளைக் கொன்றுவிட்டேன் என்றே முடிவு செய்து, "சிஸ்டர்" என்று அலறினேன்.

"சத்தம் போடாதீங்க மிஸ்ஸி," என்றார் கீழேயிருந்து. "இப்பதான் மூச்சு வருது."

முழு வாக்கியம். இடையில் நிறுத்தமே இல்லை.

மற்ற நோயாளிக்கு நிமிர்ந்தால் மூச்சு வரும். இவருக்குப் படுத்தால்தான் வரும். இரண்டு நாளாக அவர் முகம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் தலையணையை எண்ணிக்கொண்டிருந்தேன். முதல் தப்பு அது. கொக்கி கழன்றிராவிட்டால் ஐந்தாவதையும் வைத்திருப்பேன், அது நிச்சயம்.

சளிக் கண்டத்தை ஒருவாறு தாண்டிய பிறகு எஸ்டேட் கிராணி வந்தார். நல்ல மனிதர். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல், கொண்டுவந்த ஆரஞ்சுப் பழத்தைத் தானே உரித்துத் தானே தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டிலின் மறுபக்கம் வீராசாமியின் மனைவி அஞ்சலை. கணவரைப் பார்த்துக்கொள்ளத் தன் வேலையையும் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"துரை சொல்லச் சொன்னாரு, தண்டல்," என்றார் கிராணி. "ஏட்டுல பேரு இல்லாதவங்க வேலிக்குள்ள இருக்கக் கூடாதாம். இப்ப உங்க ரெண்டு பேரு பேரும் ஏட்டுல இல்ல. கப்பலுக்கு டிக்கெட் எடுத்துத் தரேங்குறாரு. ஊருக்குப் போயிருங்கன்னு."

"எந்த ஊருக்கு?" என்றாள் அஞ்சலை. "நான் பொறந்தது மூணாவது லயத்துல. கப்பல நான் படத்துலகூட பாத்தது இல்லலா."

கிராணி கடைசிச் சுளையையும் விழுங்கிவிட்டு, அவரே துரையிடம் பேசி வாங்கி வந்த ஒரு வழியைச் சொன்னார். வேலி போட்டதிலிருந்து பெரட்டு, கேட்டில்தான் நடக்கிறது. பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக வந்து, போலீஸ் தடவிப் பார்த்த பிறகு வெளியே போக வேண்டும். அதற்கு உட்கார்ந்த இடத்தில் கூப்பிட ஓர் ஆள் போதும். "நாப்பத்திரண்டு பேரு. வரிசையில கடைசி ஆளுக்கும் கேக்கணும். மூணு மாசம் டைம் கொடுத்திருக்காரு. ஒரு காலையில வந்து கூப்பிட்டுக் காட்டணும். முடிஞ்சா வேலை, வீடு. முடியலன்னா..." ஆரஞ்சு தீர்ந்துபோயிருந்ததால் அவருக்கு மேலே என்ன செய்வதென்று தெரியவில்லை.

எனக்கு ஒரு குஷி வந்துவிட்டது. அந்தக் காலத்து மூச்சுப் பயிற்சிச் சாமான் இரண்டு பாட்டிலும் ஒரு ரப்பர் குழாயும்தான். ஒரு பாட்டிலில் உள்ள கலர்த் தண்ணீரை ஊதி மற்றதுக்குத் தள்ள வேண்டும். சிவப்புச் சாயமெல்லாம் கலந்து அழகாகச் செய்து கொண்டுபோனேன். வீராசாமி குழாயைத் தொடக்கூட இல்லை.

"அடுப்பு ஊத வீட்டுல ஆள் இருக்கு மிஸ்ஸி."

கெஞ்சினேன், மிரட்டினேன். எதுவும் எடுபடவில்லை. அவர் ஊதுகிற ஆள் இல்லை, கூப்பிடுகிற ஆள் என்பது மூன்றாம் நாள்தான் என் மண்டையில் ஏறியது. "சரி, பெரட்டு கூப்பிடுங்க," என்றேன். மல்லாந்தபடியே கண்ணை மூடிக்கொண்டார்.

"அங்கம்மா. அஞ்சாலச்சி. பழனியம்மா."

அதோடு காற்று தீர்ந்தது. ஒரு மூச்சுக்கு மூன்று பெயர். அன்றிலிருந்து அதுதான் எங்கள் அளவுகோல். காலையில் ஒரு பெரட்டு, மாலையில் ஒரு பெரட்டு. இடையில் மணல் நிரப்பிய பாட்டில்களை இரண்டு கையிலும் தூக்கி இறக்குவார், படுத்தபடியே. ஒரு வாரத்தில் ஐந்து பெயர் ஆனது.

ஆனால் பதில் வராத பெரட்டு அவருக்குப் பிடிக்கவில்லை. "செவுத்துக்கிட்ட கூப்பிடுற மாதிரி இருக்கு," என்றார். அதனால் வார்டில் இருந்தவர்களுக்குப் பெயர்களைப் பங்கு போட்டுக் கொடுத்தேன். காலில் கட்டுப் போட்ட லாரிக்காரர் அங்கம்மா. இடுப்பெலும்பு முறிந்த தபால்காரர் பழனியம்மா. மூலைக் கட்டிலில் இருந்த சீனத் தகரக்காரருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது, ஆனால் 'குப்பாயி' என்றதும் "வந்தேன்" என்று கை தூக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் குணமாகி வீட்டுக்குப் போன மறுநாள் வீராசாமி, "குப்பாயி ஆப்செண்ட்," என்று வருத்தமாகச் சொன்னார்.

வார்டு சிஸ்டர் வந்து இது என்ன கூத்து என்று கேட்டார். விளக்கினேன். யோசித்துவிட்டு, இதை நோயாளியின் சீட்டில் எப்படி எழுதுவாய் என்றார். 'பெயர்கள், வேளைக்கு நாற்பத்திரண்டு, தினம் இருவேளை' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

இந்தப் பெரட்டில் ஒரு விசேஷம் இருந்தது. 'முனியம்மா' என்ற பெயர் வரும்போதெல்லாம் பின்னாலேயே "லேட்டு" என்று சேர்த்துக்கொள்வார். இதற்கும் காற்று செலவாகிறதே என்று கேட்டேன்.

"அது அவ பேரோட சேந்தது," என்றார். "பிள்ள பெத்துட்டு வேலைக்குத் திரும்ப வந்தா மிஸ்ஸி, வயித்தச் சுத்தி இத்தன மொத்தத்துக்குத் துணியக் கட்டிக்கிட்டு. வயித்தக் கட்டிக்கிட்டு வர்றதுக்கு இது வேலைக்காடா, மருத்துவச்சி வீடா? போய் அவுத்துட்டு வான்னு அனுப்புனேன். அவுத்துட்டு லேட்டா வந்தா. அரைநாள் சம்பளம்தான் போட்டேன்." அதில் அவருக்குப் பெருமை வேறு. அஞ்சலை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டரை மாதத்தில் ஒரு மூச்சுக்குப் பதினான்கு பெயர் வந்தது. மூன்றே மூச்சில் நாற்பத்திரண்டும் முடிந்துவிடும். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆஸ்பத்திரி முழுவதற்கும் ஒன்றே ஒன்றாக இருந்த சக்கர நாற்காலிக்குக் காத்திருந்து, அது கிடைத்த அன்று வீராசாமியை அதில் உட்காரவைத்து, வார்டு சிஸ்டரையும் டாக்டரையும் கூப்பிட்டு வந்து, "ம், கூப்பிடுங்க," என்றேன்.

"அங்கம்மா," என்றார். "அஞ்சாலச்சி." அடுத்தது காற்றாகத்தான் வந்தது.

தபால்காரர் மட்டும் மரியாதைக்காக "வந்தேன்" என்றார்.

படுத்தால் மூச்சு வருகிறது என்று கொக்கி கழன்ற அன்று தெரிந்துகொண்டேன் அல்லவா? அதைப் பிடித்துக்கொண்டு எழுபது நாளும் மனிதரைப் படுக்கவைத்தே பயிற்சி கொடுத்திருந்தேன். எஸ்டேட் கேட்டில் யாரும் கட்டில் போட்டு வைக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு பாடத்தைக் கற்ற கையோடு அதை வைத்தே அடுத்த தப்பைச் செய்வது நம் தொழிலில் சகஜம், பிள்ளைகளே. நோயாளி எங்கே, எப்படி வாழப் போகிறாரோ அங்கே, அப்படி வைத்துச் சோதித்துப் பாருங்கள். நமக்கு வசதியான நிலையில் அவர் எடுக்கும் மதிப்பெண் நமக்குத்தான் உதவும்.

இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. அஞ்சலை கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, கப்பலில் எத்தனை நாள் போக வேண்டும் என்று என்னிடம் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது வாய் திறந்தவர் பக்கத்துக் கட்டில் மலாய்க்காரரின் மனைவி. கோலா சுங்கை பாருவில் மீன்பிடிக்கும் குடும்பம். கணவருக்குக் கால் முறிவு. தினமும் சோற்றுப் பாத்திரத்தோடு வந்து, அவருக்கு ஊட்டுவதைவிட அதிகமாக மற்றவர்களை வேடிக்கை பார்ப்பார். நாங்கள் மக்சிக் என்போம், மலாயில் அத்தை மாதிரி. ஏழு பிள்ளை பெற்றவர். சக்கர நாற்காலியில் இருந்த வீராசாமியின் வயிற்றை விரலால் சுட்டிக்காட்டி மலாயில் சொன்னார்: வயிறு தொங்கிப் போய்க் கிடக்கிறது, பிள்ளை பெற்ற வாரம் எனக்கும் இப்படித்தான் ஆகும், எழுந்து நின்றால் பேசக்கூட மூச்சு இருக்காது, இழுத்துக் கட்ட வேண்டியதுதானே.

எனக்கு முன்னால் அஞ்சலைக்குப் புரிந்தது. "வயித்துக்கட்டு," என்றாள். "நம்மாளுங்களும் கட்டுவோம்லா மிஸ்ஸி. எனக்கு ஏன் தோணல?"

எனக்கும் தோன்றவில்லை, கல்யாணமே ஆகாத டவுன் பெண்ணுக்கு எப்படித் தோன்றும்? ஆனால் சொன்ன மாத்திரத்தில் விஷயம் பிடிபட்டது. வயிற்றுத் தசை செத்தவர் உட்கார்ந்தால் குடலெல்லாம் முன்னால் சரிகிறது. மூச்சை இழுக்கும் தசை ஏற்கெனவே கீழே இறங்கிக் கிடக்கிறது. இறங்கிக் கிடப்பது இன்னும் எங்கே இறங்கும்? வயிற்றைத் தாங்கிக் கட்டினால் அது மேலே தன் இடத்துக்கு வரும். டாக்டரிடம் ஓடினேன். இங்கிலாந்தில் இதற்கென்று பட்டை இருக்கிறது, எழுதிப் போட்டால் ஆறு மாதத்தில் வரும், அதுவரை துணியே நல்லது என்றார்.

மறுநாள் மக்சிக் தன் துணியையே கொண்டுவந்தார். ஒரு சாண் அகலம், பன்னிரண்டு முழம் நீளம், ஊதாப் பூ போட்ட பாத்திக். வீராசாமி அதைப் பார்த்த பார்வையில் துணி கருகியிருக்க வேண்டும்.

"பிள்ள பெத்தவ கட்டுற துணியையா நான் கட்டணும்? நான் கப்பலே ஏறிக்கிறேன்."

"நீங்க ஏறுங்க," என்றாள் அஞ்சலை, துணியை மடித்துக்கொண்டே. "நான் முனியம்மா வீட்டுல இருந்துக்கிறேன்."

அன்று முழுவதும் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, சட்டைக்கு உள்ளேதான் கட்ட வேண்டும், எஸ்டேட்டில் ஒரு குருவிக்கும் தெரியக் கூடாது, எந்தக் காகிதத்திலும் எழுதக் கூடாது என்று மூன்று நிபந்தனை போட்டார். அவர் சம்மதித்த சந்தோஷத்தில் மூன்றுக்கும் தலையாட்டினேன். மூன்றாவது தப்பு அந்தத் தலையாட்டல்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

கட்டக் கற்றுக்கொள்வது லேசாக இல்லை. முதல் நாள் நான் விலா எலும்பையும் சேர்த்து இறுக்கியதில், இருந்த மூச்சும் போய்க் கண் பிதுங்கினார். விலாவுக்குக் கீழே, இடுப்பிலிருந்து மேலே, சுருக்கம் விழாமல் சுற்ற வேண்டும். உணர்ச்சியில்லாத தோலில் ஒரு சுருக்கம் போதும் புண்ணாக்க. அதனால் பவுடர் தூவி, அவரைப் படுக்கவைத்து, நானும் அஞ்சலையும் இரண்டு பக்கமும் புரட்டிப் புரட்டிக் கட்டுவோம். வீட்டிலும் பழகினேன். பஞ்சு மெத்தையைச் சுருட்டி அதன் வயிற்றில் நான் பாத்திக் சுற்றிக்கொண்டிருப்பதை அம்மா கதவருகே நின்று பார்த்துவிட்டார். நேராகப் பங்குச் சாமியாரிடம் போய்விட்டார். அந்த விளக்கம் தனிக் கதை.

கட்டிய பிறகு உட்கார்ந்தபடியே ஒரு மூச்சுக்கு ஏழு பெயர் வந்தது. பதினான்கில் பாதிதான், ஆனால் குரலில் கனம் இருந்தது. தாழ்வாரத்தில் தானே சக்கரம் தள்ளிப் போய், கோடியில் நின்று கூப்பிடுவார். இந்தக் கோடியில் எங்களுக்குத் தெளிவாகக் கேட்கும்.

குறித்த நாளுக்கு முந்தின மத்தியானம் ஆஸ்பத்திரி வேனில் எஸ்டேட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊரடங்கு இருந்ததால் இருட்டிய பிறகு சாலையில் போக முடியாது. சோதனையில் காட்ட வார்டு சிஸ்டர் மூன்று கடிதம் கொடுத்திருந்தார். நாற்காலிக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று, எனக்கு ஒன்று. துணிக்கு இல்லை. துணியைப் பற்றி நான் அவரிடம் எழுதவே சொல்லவில்லை.

விடிந்ததும் கட்டிக்கொண்டு கிளம்பினார். வெள்ளைச் சட்டை, தலைப்பாகை. உதவிக்குப் போன என் கையைத் தட்டிவிட்டு, லயத்திலிருந்து கேட் வரை மண் பாதையில் தானே சக்கரம் உருட்டிக்கொண்டு வந்தார். கேட்டுக்கு உள்ளே நாற்பத்திரண்டு பேரும் வரிசையாக நின்றார்கள். முக்கால்வாசி பெண்கள். பக்கத்தில் துரையும், ஏட்டோடு கிராணியும். பெயர் கூப்பிடும் இடம் கேட்டுக்கு வெளியே, சோதனை மேசைக்குப் பக்கத்தில். அதனால் முதலில் அவரே கேட்டைத் தாண்ட வேண்டும். தாண்டுகிறவர் யாரானாலும் போலீஸ் தடவிப் பார்க்கும்.

இதை நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை.

காட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஒரு பிடி அரிசி போகக் கூடாது என்பதுதான் அந்தச் சோதனையின் நோக்கம். அரிசியைத் துணியில் முடிந்து வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போனவர்கள் பிடிபட்டிருந்த சமயம். காவலுக்கு நின்ற மலாய்ப் பையன் புதிது. இருபது வயதுகூட இருக்காது. வீராசாமியின் சட்டை மேல் கை வைத்தான். கை நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினான். மொத்தமாக, கெட்டியாக, சுற்றுச் சுற்றாக ஏதோ இருந்தது.

"இது மருத்துவத்துக்கு," என்றேன் மலாயில்.

கடிதம் கேட்டான். மூன்றையும் நீட்டினேன். ஒவ்வொன்றாகப் படித்தான். எதிலும் துணியைப் பற்றி ஒரு சொல் இல்லை. பையன் மேல் குற்றமில்லை, அவன் சரியாகத்தான் செய்தான். சட்டையைத் தூக்கி, செருகியிருந்த முனையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தான்.

"டேய், நான் யாருன்னு தெரியுமா," என்று வீராசாமி போட்ட சத்தத்தில் கிராணியே நிமிர்ந்து நின்றார். "இந்த வேலி போட்டப்ப முன்னால நின்னவன் நானு."

பையன் அவர் முதுகுக்குப் பின்னால் கைவிட்டு ஒரு சுற்று உருவினான். "இந்தக் கோபுரம்..." இரண்டாவது சுற்று. "நான்..." மூன்றாவது சுற்றில் உதடு மட்டும் அசைந்தது. சுற்றுக்குச் சுற்று சத்தம் குறைந்து, பன்னிரண்டு முழமும் வெளியே வந்தபோது திட்டும் முழுதாக நின்றிருந்தது. துணியை உதறினான். வெள்ளையாகப் பொடி பறந்தது. அரிசி மாவு என்று நினைத்து விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். முகப் பவுடர். துப்பினான்.

யாரும் சிரிக்கவில்லை. ஊதாப் பூத் துணி காலை வெயிலில் தரையோடு கிடந்தது. அது என்ன துணி என்று அந்த வரிசையில் தெரியாத பெண் இல்லை. வீராசாமி தலையைக் குனிந்துகொண்டார். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேலை நேரம் போய்க்கொண்டிருந்தது.

நான் வாயெடுத்தேன். வீராசாமி என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார். வாக்குக் கொடுத்திருக்கிறேன். இந்தப் பக்கம் அஞ்சலை, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரிந்த ஒரே ஊர் அந்த வேலிக்குள்தான் இருந்தது. யோசிக்க எனக்கு இருந்தது, துரை இரண்டாவது தடவை கடிகாரத்தைப் பார்க்கும் நேரம்தான். என் தொழிலில் நான் தெரிந்தே மீறிய முதல் வாக்கு அது.

"அது வயித்துக்கட்டு," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "வயித்துல தசை வேலை செய்யல. அதக் கட்டலன்னா அவருக்குக் குரலே வராது. படுக்கவெச்சுத்தான் கட்டணும், கட்டில் இல்லாம எங்க ரெண்டு பேரால ஆகாது. கட்டத் தெரிஞ்சவங்க யாராச்சும் வாங்க."

வரிசை திரும்பி ஒருத்தியைப் பார்த்தது. மெலிந்த, நெட்டையான பெண். நிதானமாக நடந்து வந்தாள். "எங்க லயத்துல எல்லாருக்கும் இவதான் கட்டுவா," என்று அஞ்சலை என் காதில் சொன்னாள். "முனியம்மா."

முனியம்மா துணியை எடுத்து மண்ணைத் தட்டினாள். நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தண்டல், வயித்தக் கட்டிக்கிட்டு வேலைக்கு வரலாமா?"

அவள் காத்திருந்தாள். துரைகூடக் காத்திருந்தார், என்ன நடக்கிறதென்று புரியாமல்.

"வரலாம்," என்றார் கடைசியில். மூச்சாகத்தான் வந்தது.

"கேக்கலியே. கொஞ்சம் சத்தமா."

"சத்தம்... வரணும்னா... நீ கட்டணும்லா."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முனியம்மா சிரிக்கவில்லை. நாலு பெண்களைக் கூப்பிட்டு, "தூக்குங்கடி," என்றாள். தண்டலை அலாக்காகத் தூக்கிச் சோதனை மேசை மேலேயே கிடத்தினார்கள். துணியின் மறுமுனையைப் போலீஸ்காரப் பையன் கையில் கொடுத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். அவன் பிடித்துக்கொண்டான். பெண்கள் தண்டலைப் புரட்டப் புரட்ட, இந்த முறை அவனே துணியை உள்ளே விட்டுக்கொடுத்தான். நான் கட்டியது எல்லாவற்றையும்விட அது நல்ல கட்டு. ஒரு சுருக்கம்கூட இல்லை. விரல் விட்டுப் பார்த்தேன், பாராட்டுவதைத் தவிர எனக்கு வேலை இல்லை.

உட்காரவைத்துவிட்டு வரிசைக்குத் திரும்பினார்கள். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

"அங்கம்மா. அஞ்சாலச்சி. பழனியம்மா..." ஏழு பெயர், ஒரு மூச்சு. வரிசையின் கடைசியில் இருந்தவர் கையைத் தூக்கி, கேட்கிறது என்று காட்டினார். ஒவ்வொருவராக "வந்தேன்" சொல்லி, கேட்டைத் தாண்டி, வெளியே போய் நின்றார்கள். வேலைக்காட்டுக்கு யாரும் போகவில்லை. நான் விரலை மடக்கிக்கொண்டிருந்தேன். இரண்டாவது மூச்சு. மூன்றாவது மூச்சின் நடுவில் நிறுத்தினார்.

"முனியம்மா," என்றார்.

காற்று தீர்ந்துவிட்டதோ என்று மடக்கிய விரலை அப்படியே பிடித்துக்கொண்டேன். தீரவில்லை. பின்னால் சேர்க்கும் அந்தச் சொல்லைச் சேர்க்காமல் விட்டார், அவ்வளவுதான். முனியம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வந்தேன்," என்று வெளியே போனாள்.

ஆறு மூச்சில் நாற்பத்திரண்டும் முடிந்தது. துரை கிராணியிடம் ஏதோ சொன்னார். கிராணி ஏட்டில் ஒரு வரி எழுதினார். எழுதி முடித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தண்டல், இன்னொரு பேரு இருக்காம். அதையும் கூப்பிடச் சொல்றாரு," என்று ஏட்டைத் திருப்பிக் காட்டினார்.

வீராசாமி அதை வெகுநேரம் பார்த்தார். பத்து வருடமாகப் பெரட்டு கூப்பிட்டவர், அந்தப் பெயரை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டார்.

"வீராசாமி."

யார் பதில் சொல்வது? அப்போது வெளியே போய் நின்றவர்களிடமிருந்து முனியம்மாவின் குரல் வந்தது.

"லேட்டு."

எஸ்டேட்டே சிரித்தது. துரைக்குக் கிராணி மொழிபெயர்த்துச் சொல்ல, அவர் எல்லோரும் ஓய்ந்த பிறகு தனியாகச் சிரித்தார். அஞ்சலை சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. வீராசாமியும் சிரித்தார். சிரித்துச் சிரித்துப் புரையேறி, இருமினார். பூனைத் தும்மல் இல்லை. அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு, வேலி கடந்து போன முரட்டு இருமல்.

அன்று அங்கே இருந்தவர்கள் எல்லோரும் பல வருடம் கழித்தும் அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு நினைவிருப்பது அந்த இருமல். மூன்று மாதமாக நான் காது கொடுத்துக் காத்திருந்தது அதற்குத்தான்.